கொலுப்படியும் பார் கிராஃபும்: இரண்டாம் வகுப்புப் பிள்ளையின் தசரா விடுமுறைக் கணக்கு

கேள்வி: பெங்களூரில் ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். மகள் இரண்டாம் வகுப்பு. தசரா விடுமுறைக்குப் பள்ளியில் 14 ஒர்க்‌ஷீட் கொடுத்திருக்கிறார்கள். பூசணிக்காய், வான்கோழி, பனிமனிதன் படங்களை எண்ணி, வண்ணம் தீட்டி, பார் கிராஃப் போட வேண்டும். கிராஃப் வரைக்கும் சரியாகச் செய்கிறாள். கீழே "எது எத்தனை அதிகம்" என்று கேட்டிருக்கும் கேள்விகள் மட்டும் எல்லாமே தப்பு. வீட்டில் கொலு வைக்கிறோம். அதை வைத்துச் சொல்லித்தர வழி உண்டா? மூன்றரை வயதுத் தம்பியும் கூடவே வந்து உட்கார்ந்துகொள்வான்.

பதில்:

பயப்படாதீர்கள், உங்கள் மகளுக்குக் கழித்தல் வராமல் இல்லை. இதே ஊரில் 21 வருடம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுத்தவள் நான். ஒவ்வொரு வருடமும் பாதி வகுப்பு சறுக்கி விழுவது இந்த ஒரே இடத்தில்தான். கொண்டைக்கடலைக்கு 9 கட்டம், பட்டாணிக்கு 5 கட்டம் என்று கிராஃப் இருக்கும். "பட்டாணியைவிடக் கொண்டைக்கடலை எத்தனை அதிகம்?" என்றால் 9 என்று எழுதுவார்கள். நாம் கேட்டது ஒரு கேள்வி, அவர்கள் காதில் விழுவது இரண்டு. எது அதிகம்? அது எத்தனை? இரண்டுக்கும் சரியாகத்தான் பதில் சொல்கிறார்கள், பாவம்.

1983-ல் டாம் ஹட்சன் என்ற ஆய்வாளர் இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சோதித்துப் பார்த்தார். படத்தில் 5 பறவைகள், 4 புழுக்கள். "புழுவைவிடப் பறவை எத்தனை அதிகம்?" என்று கேட்டபோது நிறையப் பிள்ளைகள் திணறின. அதே படத்தைக் காட்டி, "பறவைகள் எல்லாம் ஓடிப்போய் ஆளுக்கொரு புழு பிடிக்கப் பார்க்கின்றன, எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" என்று கேட்டதும் பெரும்பாலான பிள்ளைகள் சட்டென்று சொல்லிவிட்டன. ஜோடி சேர்த்து, மிஞ்சியதைப் பார்ப்பது அவர்களுக்கு இயல்பாக வருகிறது. "அதிகம்" என்ற சொல்தான் குறுக்கே நிற்கிறது.

ஆகவே இந்த விடுமுறை முழுக்க நீங்கள் கேள்வியை இப்படிக் கேளுங்கள்: "பட்டாணிக்கு இன்னும் எத்தனை வந்தால் கொண்டைக்கடலைக்குச் சமமாகும்?" அவள் 5-க்கு மேல் ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது என்று விரல் மடக்கி நாலு என்பாள். உடனே, "அப்படியானால் கொண்டைக்கடலை நாலு அதிகம்" என்று நீங்கள் சொல்லி முடியுங்கள். நாலைந்து நாள் இரண்டு வாக்கியத்தையும் ஒட்டி ஒட்டிச் சொன்னால் போதும். பிறகு பள்ளியில் கேட்கிற மாதிரியே கேட்டுப் பாருங்கள்.

இனி அந்த ஒர்க்‌ஷீட் விஷயம். அந்தப் படங்கள் எல்லாம் அமெரிக்கப் பள்ளி நாட்காட்டியை ஒட்டியவை. அக்டோபரில் ஹாலோவீன் பூசணி, நவம்பர் நான்காம் வியாழக்கிழமை தேங்க்ஸ்கிவிங் வான்கோழி, டிசம்பரில் கிறிஸ்துமஸ் மரமும் பனிமனிதனும். இணையத்தில் சும்மா கிடைப்பதால் நம் ஊர்ப் பள்ளிகளும் அப்படியே அச்செடுத்துக் கொடுத்துவிடுகின்றன. வேற்று ஊர்ப் படம் என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகளுக்குப் பனிமனிதனை ரொம்பப் பிடிக்கும், தொப்பி போட்டிருப்பதால். எண்ண வேண்டியதை யாரோ முன்கூட்டியே அடுக்கி வைத்துவிட்டதுதான் என் வருத்தம். 7 பூசணி, 4 வான்கோழி என்ற பதிலால் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஒரு காரியமும் ஆகப்போவதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

அமெரிக்கர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் ஒன்று உண்டு. அங்கே பல மாநிலங்கள் பின்பற்றும் காமன் கோர் பாடத்தரம் 2010-ல் வந்தது. அதில் முதல் வகுப்புக்கு அதிகபட்சம் மூன்று வகைகள், இரண்டாம் வகுப்புக்கு நான்கு வகைகள், ஒரு கட்டம் என்றால் ஒன்றுதான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஒரு படத்துக்கு இரண்டு, ஐந்து என்று மதிப்புக் கொடுப்பதெல்லாம் மூன்றாம் வகுப்பில்தான். நல்ல அளவு. ஒன்பது நாளுக்கு ஒன்பது சுண்டல் இருக்கிறதே என்று ஒன்பதையும் ஒரே கிராஃபில் அடைத்துவிடாதீர்கள். நான்கு போதும்.

கொலுவுக்கு வருவோம். பொம்மைகளை அடுக்கி முடித்ததும் அவளை எதிரே உட்கார வைத்து, எந்தப் படியில் பொம்மை அதிகம் என்று எண்ணாமல் சொல்லச் சொல்லுங்கள். எல்லாப் படியும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நிறைந்திருப்பதால், எல்லாம் ஒன்றுதான் என்பாள், இல்லாவிட்டால் பெரிய பொம்மை இருக்கும் படியைக் காட்டுவாள். பிறகு எண்ணட்டும். மேல்படியில் முப்பெருந்தேவியர் மூன்று பேர்தான், ஆனால் படியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தசாவதாரம் செட் இருக்கும் படியில் 10. செட்டியார் கடைப் படியில் செட்டியார், செட்டியாரம்மா, பருப்புத் தட்டு, அரிசி மூட்டை என்று பதினைந்தைத் தாண்டும். ஒரே நீளம், வேறு வேறு எண்ணிக்கை. இப்போது காலித் தீப்பெட்டிகளை எடுங்கள். ஒரு பொம்மைக்கு ஒரு தீப்பெட்டி என்று தரையில் படிவாரியாக வரிசை வைக்கச் சொல்லுங்கள். மூன்று பெட்டி வரிசை குட்டையாக நிற்கும், செட்டியார் வரிசை சோபா வரைக்கும் ஓடும். எல்லாப் பெட்டியும் ஒரே அளவில் இருந்தால்தான் நீளத்தைப் பார்த்து எண்ணிக்கையைச் சொல்ல முடியும் என்பது இதற்குமேல் விளக்காமலே புரிந்துவிடும். பார் கிராஃபின் உயிரே அதுதான். கட்டம் போட்ட நோட்டை ஏன் தருகிறோம் என்பதும் அப்போதுதான் பிள்ளைக்கு அர்த்தமாகும்.

படிகளை ஏன் 3, 5, 7, 9 என்று ஒற்றைப்படையில் வைக்கிறோம் என்று அவள் கேட்டால் சாஸ்திரத்தைப் பாட்டியிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு பொம்மையை வலமும் இடமுமாக ஜோடி சேர்த்தால் நடுவில் ஒன்று மிஞ்சும், அதுதான் நடுநாயகம். எட்டு அஷ்டலட்சுமிகளை அப்படி வைத்தால் நடுவில் யாரும் இருக்க மாட்டார்கள். ஒற்றை, இரட்டைக்கு இதைவிட நல்ல பாடத்தை நான் எந்த வகுப்பிலும் நடத்தியதில்லை.

அடுத்தது சர்வே. வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்களிடம், "இந்த நாலில் உங்களுக்கு எந்தச் சுண்டல் பிடிக்கும்?" என்று அவளே கேட்கட்டும். ஒரு சார்ட் பேப்பரை ஹால் சுவரில் ஒட்டி, அடியில் கொண்டைக்கடலை, பட்டாணி, காராமணி, வேர்க்கடலை என்று எழுதி வையுங்கள். பதில் சொன்னவர் ஒரு ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்தப் பெயருக்கு மேலே ஒட்ட வேண்டும். மாமிகளுக்கு இதில் அவள் அளவுக்கே குஷி வந்துவிடும். முதல் நாள் கட்டம் போடாதீர்கள், வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். ஒருவர் நெருக்கி ஒட்டுவார், ஒருவர் அரை அடி தள்ளி ஒட்டுவார். கடைசியில் மூன்று பொட்டுள்ள காராமணி, ஐந்து பொட்டுள்ள பட்டாணியைவிட உயரமாக நிற்கும். "காராமணிதான் ஜெயித்ததா?" என்று கேளுங்கள். தீப்பெட்டி வரிசை ஞாபகம் இருந்தால் அவளே ஸ்கேலை எடுத்துவந்து கட்டம் போடுவாள். ஞாபகம் வராவிட்டால் அடுத்த நாள் நீங்கள் போடுங்கள், அவசரமில்லை.

இப்படி ஒரு வாரத்தில் கொண்டைக்கடலை 9, வேர்க்கடலை 6, பட்டாணி 5, காராமணி 3 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். இதன்மேல் என்ன கேட்பது? பிரான்சஸ் கர்சியோ என்ற கணிதக் கல்வியாளர் 1987-ல் கிராஃப் வாசிப்பை மூன்றாகப் பிரித்தார். கண்ணில் பட்டதைச் சொல்வது, இரண்டு மூன்றை ஒப்பிட்டுச் சொல்வது, கிராஃபில் இல்லாததை அதைக்கொண்டு ஊகிப்பது. பட்டாணி எத்தனை என்பது முதல் ரகம். மொத்தம் எத்தனை பேர் பொட்டு ஒட்டினார்கள் (23), காராமணிக்கு இன்னும் எத்தனை வந்தால் வேர்க்கடலைக்குச் சமம் (3) என்பவை இரண்டாவது ரகம். ஒர்க்‌ஷீட்கள் பெரும்பாலும் இங்கேயே நின்றுவிடும். மூன்றாவது ரகத்துக்கு வீடுதான் தோது. "நாளை கீழ்வீட்டு ஆன்ட்டி வந்தால் எதைக் கேட்பார்கள்?" என்றால் கொண்டைக்கடலை என்பாள். "நிச்சயமாகவா?" என்று கேளுங்கள். வாய்ப்பு அதிகம், நிச்சயம் சொல்ல முடியாது என்ற இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஏழு வயதுப் பிள்ளை தன் பாஷையில் சொல்லிக் கேட்பது தனிச் சந்தோஷம். என் வகுப்பில் ஒரு வாண்டு, "அவங்களுக்குப் பல் வலி இருந்தா?" என்று கேட்டது.

சுவரிலேயே பக்கத்தில் இன்னொரு கிராஃப் வேண்டும்: எந்த நாளில் எத்தனை பேர் வந்தார்கள். இது வீட்டுக்கு உண்மையாகவே உபயோகப்படும். முதல் நாள் 3, இரண்டாம் நாள் 2, மூன்றாம் நாள் 4, சனிக்கிழமை 11 என்று ஏறும். "நாளை ஞாயிறு. எத்தனை டம்ளர் கடலை ஊற வைக்கலாம்?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, அவள் சொன்ன அளவையே ஊறப் போடுங்கள். எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் கடலை ஐந்தாறு பேருக்கு வரும். தப்பாகச் சொல்லிச் சுண்டல் மிஞ்சினால் மறுநாள் காலை உங்கள் வீட்டு டிஃபன் அதுதான். அதனால் என்ன, கணக்கு மனதில் நிற்கும்.

இரண்டு கிராஃபும் அருகருகே இருக்கும்போது ஒரு வித்தியாசத்தைக் காட்டலாம். சுண்டல் பெயர்களை எப்படி வேண்டுமானாலும் இடம் மாற்றி எழுதலாம், ஒன்றும் கெடாது. நாட்களை மாற்ற முடியாது. வியாழனுக்கு முன்னால் சனியை எழுதினால் கூட்டம் எப்படி ஏறியது என்ற கதையே போய்விடும். பார் கிராஃப் பிறந்ததே இந்த வித்தியாசத்தில்தான். 1786-ல் வில்லியம் பிளேஃபேர் என்பவர் இங்கிலாந்து பல நாடுகளோடு செய்த வணிகத்தை வருடவாரியாகக் கோடு போட்டுக் காட்டினார். ஸ்காட்லாந்துக்கு மட்டும் அவர் கையில் ஒரே வருடக் கணக்குதான் இருந்தது. வருட வரிசை இல்லாமல் கோடு எங்கே போடுவது? அது வணிகம் செய்த 17 இடங்களுக்கும் பட்டை பட்டையாகப் போட்டுவிட்டார். பிள்ளைக்கு இந்தக் கதை வேண்டாம், உங்களுக்காகச் சொன்னேன்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்தது, ஆயுத பூஜை. அன்று காலை நோட்டும் பென்சிலுமாக அவளைத் தெருவுக்குக் கூட்டிப்போங்கள். வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு நிற்கிற வண்டிகளை ஸ்கூட்டரும் பைக்கும் ஒன்று, ஆட்டோ ஒன்று, கார் ஒன்று என்று மூன்று வகையாக டேலி மார்க் போடட்டும். நாலு கோடு நிமிர்ந்து, ஐந்தாவது குறுக்கே. ஐந்தாவது கோட்டை மறந்து ஆறு ஏழு என்று நிமிர்த்திக்கொண்டே போவார்கள். திருத்த வேண்டாம், வீட்டுக்கு வந்து எண்ணும்போது கஷ்டப்பட்டால் மறுமுறை தானே போடுவாள். சாலையில் பூசணிக்காய் உடைத்துக் கிடக்கும், வழுக்கும். அவள் நோட்டைப் பார்த்து நடப்பாள், நீங்கள் தரையைப் பாருங்கள்.

12 பைக், 5 ஆட்டோ, 7 கார் என்று வந்தது என்போம். முதல் கிராஃப் வண்டிகளுக்கு, அதில் பைக்தான் உயரம். பிறகு அவளிடம், "பூஜை முடிந்து கிளம்பும்போது ஒவ்வொரு சக்கரத்துக்கும் ஓர் எலுமிச்சை வைத்து நசுக்குகிறார்களே, எந்த வண்டிக்காரர்களுக்கு எலுமிச்சை அதிகம் வேண்டும்?" என்று கேளுங்கள். வாய்ப்பாடு தெரியாவிட்டால் கவலையில்லை, இரண்டிரண்டாக, மும்மூன்றாக, நான்கு நான்காகத் தாவி எண்ணினால் போதும். பைக்குக்கு 24, ஆட்டோவுக்கு 15, காருக்கு 28. இதற்கு ஒரு கிராஃப் போட்டால் கார் உயர்ந்துவிடும்! அதே தெரு, அதே வண்டிகள், என்ன கேட்டோம் என்பது மாறியதும் ஜெயித்தவர் மாறிவிட்டார். இதை முதல்முறை பார்க்கும் பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல் கிராஃபைத் தப்பு என்று நினைத்து அழிக்கப்போவாள். இரண்டும் சரி, இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில் என்று சொல்லுங்கள்.

28 கட்டம் நோட்டுப் பக்கத்தில் இடிக்கும். "ஒரு கட்டத்துக்கு இரண்டு எலுமிச்சை என்று வைத்துக்கொள்ளலாமா?" என்று கேட்க இதுதான் சமயம். மூன்றாம் வகுப்புப் பாடம் இது. ஆனால் இடம் போதவில்லை என்ற தேவை வந்து நிற்பதால் இரண்டாம் வகுப்புப் பிள்ளையும் பிடித்துக்கொள்ளும். பைக்குக்கு 12 கட்டம், காருக்கு 14. ஆட்டோவுக்கு ஏழு கட்டம் போட்டபின் ஓர் எலுமிச்சை மிஞ்சும், அதற்கு அரைக் கட்டம். அரைக் கட்டம் என்றால் அரை எலுமிச்சை என்று நிச்சயம் சொல்வாள். முழுக் கட்டத்துக்கு எத்தனை என்று திருப்பிக் கேளுங்கள். முதல்நாள் புரியாவிட்டால் விட்டுவிடுங்கள்.

எண்ணும்போது எந்த மொழி என்று பலர் என்னிடம் கேட்பார்கள். பள்ளியில் ஆங்கிலம், தெருவில் கன்னடம், வீட்டில் தமிழ் என்பதால் குழம்பிவிடும் என்று பயம். வீட்டில் தமிழிலேயே எண்ணுங்கள், அதில் லாபம் உண்டு. "தர்ட்டீன்" என்ற சொல்லில் மூன்று முதலில் கேட்கிறது, அதனால் சில பிள்ளைகள் 31 என்று எழுதிவிடும். பதிமூன்று என்னும்போது பத்து முன்னால் வந்து நிற்கிறது, எழுதுகிற வரிசையும் அதுதான். கன்னடத்து "ஹதிமூரு"வும் அப்படியே, ஆகவே பக்கத்து வீட்டுக் கன்னடப் பிள்ளையோடு சேர்ந்து எண்ணினாலும் நல்லதுதான். தொண்ணூறில் மட்டும் நூறு ஒளிந்திருக்கிறது. அந்த ஓரிடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தீபாவளியைக் கணக்குக்கு இழுக்க வேண்டாம் என்பது என் கட்சி. அந்த இரண்டு நாள் பிள்ளை பிள்ளையாக இருக்கட்டும். அதற்குப் பிறகு பசவனகுடியில் நந்தி கோயில் அருகே கடலைக்காய்ப் பரிஷை என்னும் நிலக்கடலைத் திருவிழா வரும், கன்னடக் கார்த்திக மாதத்துக் கடைசித் திங்கட்கிழமை. போனால் அரைக் கிலோ நிலக்கடலை வாங்கி வாருங்கள். 20 காயை எடுத்து, உடைக்கும் முன் ஒவ்வொன்றிலும் எத்தனை பருப்பு என்று ஊகம் சொல்லச் சொல்லி, பிறகு உடைத்துப் பாருங்கள். ஒரு பருப்புக் காய் 4, இரண்டு பருப்பு 13, மூன்று பருப்பு 3 என்று வரலாம். இதில் ஒரு பொறி இருக்கிறது. கிராஃபின் அடியில் எழுதும் 1, 2, 3-ம் எண், மேலே ஏறுவதும் எண். சுண்டல் கிராஃபில் அடியில் பெயர் இருந்ததால் இந்தக் குழப்பம் வரவில்லை. "3 என்ற இடத்தில் 3 காய், அப்படியானால் எத்தனை பருப்பு?" என்றால் மூன்று என்பாள். காய்களை ஓட்டோடு அந்தந்த எண்ணுக்கு மேலேயே நிற்க வைத்துவிட்டால் ஒன்பது தெரியும். மொத்தம் 39 பருப்பு, தின்னும் முன் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளி ஒர்க்‌ஷீட்களைச் செய்யாமல் விடாதீர்கள், ஆசிரியர் கேட்பார். தினம் ஒன்று, பத்து நிமிடம். விடுபட்ட "எத்தனை அதிகம்" கேள்விகளைக் கடைசி நாலு நாளுக்கு வையுங்கள். அதற்குள் சுவரில் இருக்கும் பொட்டுகள் பாதி வேலையைச் செய்திருக்கும். கொலு முடிந்ததும் அந்தச் சார்ட்டைச் சுருட்டிப் பள்ளிக்குக் கொடுத்தனுப்புங்கள்.

தம்பிக்குக் கிராஃப் வேண்டாம், பிரித்து வைப்பதே அந்த வயதுக் கணக்கு. பொம்மை சுற்றிய பழைய துணிகளை நிறவாரியாகவோ, காலி டப்பாக்களைப் பெரிது சிறிது என்றோ அவன் பிரிக்கட்டும். அக்காவின் தீப்பெட்டி வரிசையில் பெட்டி எடுத்துக் கொடுக்கும் வேலையும் அவனுக்கே. பெட்டியில் குச்சி ஒன்றுகூட இல்லை என்று பார்த்துவிட்டுக் கொடுங்கள். பயறும் கடலையும் மட்டும் அவன் கைக்கு எட்ட வேண்டாம், மூக்கில் போட்டுக்கொள்ளும் வயது.